என்ஜிசி 1399 எது, 1404 எது? கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். மதுரைக்கு வெளியே ஒரு தோட்டத்தில் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வைத்துத் தென்வானத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறேன். இந்த ஜனவரியில் குறி, போர்னாக்ஸ் கேலக்ஸிக் கொத்தின் நடுவில் இருக்கும் என்ஜிசி 1399 (என்ஜிசி என்பது ஒரு வான்பொருள் பட்டியல்). சுமார் 6 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள பெரிய நீள்வட்ட கேலக்ஸி. 1835இல் ஜான் ஹெர்ஷல் தென்னாப்பிரிக்காவின் கேப்பிலிருந்து பார்த்துக் குறித்தது. நமக்குத் தெற்கே உச்சிக்கு வரும்போதும் 45 பாகைக்கு மேல் ஏறாது. இரவு ஒன்பது மணிவாக்கில் பார்க்க வசதி.

சிக்கல் இதுதான். ஒரே பார்வைப் புலத்தில் இரண்டு மங்கல் பொட்டுகள். கடைக்கண்ணால் பார்த்தால்தான் தெளிகின்றன. ஒன்று 1399, மற்றது பக்கத்திலுள்ள கேலக்ஸியான 1404 என்று நினைக்கிறேன். சுருள் கை, தூசிப் பட்டை என்று எதுவும் கிடையாது, இரண்டும் பஞ்சுத் துணுக்கு மாதிரியே! 1404 தென்கிழக்கில் இருக்கும் என்று வரைபடம் சொல்கிறது. ஆனால் பிம்பம் தலைகீழாகத் தெரிவதால் திசை குழம்பிவிடுகிறது.

ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) தெற்கை எப்படி உறுதிசெய்கிறீர்கள்? இப்போது 25 மிமீ போட்டிருக்கிறேன். உருப்பெருக்கம் கூடிய 10 மிமீக்கு மாறினால் வேறுபாடு தெரியுமா, இன்னும் மங்கிப்போகுமா? பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள். பென்சிலில் வரைந்தது இருந்தால் இன்னும் நல்லது, புகைப்படம் வேண்டாம்.