2^127 − 1 பகா எண்தான். என் நிரல் ஏன் இல்லை என்கிறது?

கேள்வி:
2^p − 1 வடிவ எண் பகா எண்ணா என்று பார்க்கும் லூக்காஸ்–லேமர் சோதனையை (p என்பது அடுக்கு; கடைசியில் 0 வந்தால் பகா எண்) சி மொழியில், குறியில்லாத 128 பிட் முழு எண் வைத்து எழுதியிருக்கிறேன். 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 2^p − 1ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டே போகிறது. அடுக்கு 31, 61 இரண்டுக்கும் கடைசியில் 0 வருகிறது. 89, 107, 127 மூன்றுக்கும் வரவில்லை. 2^127 − 1 என்பது 128 பிட்டுக்குள் அடங்குகிற எண்தானே?

மறுமொழி 1:
எண் அடங்கும், அதன் வர்க்கம் அடங்காது. 61க்கு வர்க்கம் 122 பிட், அதனால் தப்பியது. 89க்கு 178, 127க்கு 254. மேலே வழிகிற பிட்டுகளை சி மொழி எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெட்டிவிடும். எண்ணை இரண்டு 64 பிட் துண்டுகளாக்கிப் பெருக்கி, விடையை நான்கு துண்டுகளில் வையுங்கள்.

மீதிக்கு வகுத்தலே வேண்டாம். 2^127ஐ 2^127 − 1ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே கீழ் 127 பிட்டையும் அதற்கு மேலுள்ள பகுதியையும் கூட்டினால் போதும். கூட்டுத்தொகை 2^127 − 1க்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் அதை ஒருமுறை கழியுங்கள். இந்த வடிவ எண்களைச் சோதிப்பது இவ்வளவு மலிவாக இருப்பதே இதனால்தான்.

அவசரமென்றால் பைத்தானில் எழுதுங்கள், அங்கே முழு எண்ணுக்கு அளவு வரம்பில்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதில் ‘சமமாகவோ’ முக்கியம். உங்கள் நிரலைப் போல 2 கழித்தபின் மீதி எடுக்கும்போது அதிகமா என்று மட்டும் பார்த்தால், கடைசியில் வரவேண்டிய 0, 2^127 − 1 ஆகவே நின்றுவிடும். நிரல் பகு எண் என்று சொல்லிவிடும். மீதி எடுத்தபின் 2 கழிப்பதானால், வர்க்கத்தின் மீதி 0 அல்லது 1 ஆக இருக்கும்போது, 2 கழிக்கும் முன் 2^127 − 1ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். குறியில்லாத எண்ணில் எதிர்மறை கிடையாது.

சரிபார்க்க: அடுக்கு 7க்கு 4, 14, 67, 42, 111, 0 என்று வரவேண்டும். 11க்குக் கடைசி மதிப்பு 1736, ஏனெனில் 2047 = 23 × 89. சுற்றுகளின் எண்ணிக்கை அடுக்கைவிட 2 குறைவு, 127க்கு 125. அடுக்கு 2க்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது.

கேள்வி கேட்டவர்:
துண்டு துண்டாகப் பெருக்கியதும் மூன்றுக்கும் 0 வந்துவிட்டது, நன்றி. 0 வராதபோது காரணியைக் கண்டுபிடிக்க அந்த மீதி உதவுமா?

மறுமொழி 3:
உதவாது. 2^127 − 1 பகா எண் என்று 1876இல் காட்டிய பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்காஸ், 2^67 − 1 பகு எண் என்பதையும் காரணி இல்லாமலேதான் காட்டினார். அதன் காரணிகளை 1903இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் கொடுத்தார்: 193707721 × 761838257287.

காரணி தேட வேறு வழி உண்டு. அடுக்கு ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால், எந்தக் காரணியும் அடுக்கின் ஏதாவதொரு இரட்டைப்படை மடங்கோடு 1 கூட்டிய எண்ணாகத்தான் இருக்கும். 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும். கோலின் சிறிய காரணி 134 × 1445580 + 1. பெரிய அடுக்குகளில் இந்த வடிவச் சிறு காரணிகளை முதலில் வகுத்துப் பார்த்துவிட்டு, பிறகு சோதனையை ஓட்டுங்கள்.