மறு: ‘நெஜிரே கொக்காய்’ – தமிழில் ‘அவைமுறுகல்’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஜப்பான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எதிரெதிர்த் தரப்பினரிடம் இருக்கும் நிலையை அங்கே ‘நெஜிரே கொக்காய்’ என்பார்கள். ஜப்பான் மேலவைத் தேர்தல் கட்டுரைக்காக அதற்குத் தமிழ்ச் சொல் இங்கே கேட்கப்பட்டது. இதுவரை ‘தொங்கு நாடாளுமன்றம்’, ‘பிளவு நாடாளுமன்றம்’, ‘முறுக்கு நாடாளுமன்றம்’ என மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ‘தொங்கு நாடாளுமன்றம்’ கண்டிப்பாகப் பொருந்தாது. அது ஒரே அவையில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத நிலை. நெஜிரேயில் கீழவை ஆளுங்கட்சியின் கையில் உறுதியாக இருக்கும், மேலவை எதிர்க்கட்சிகளிடம் போயிருக்கும்.

2007ஐ எடுத்துக்கொள்வோம். யாருடையவை என்றே தெரியாத ஓய்வூதியப் பதிவுகள் ஏறக்குறைய 5 கோடி கிடக்கின்றன என்ற செய்தி அந்த ஆண்டு ஜப்பானை உலுக்கியது. ஆயுள் முழுக்கச் சந்தா கட்டிய முதியவர்களுக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும்! அமைச்சர்களின் கணக்கு முறைகேடுகளும் சேர்ந்துகொண்டன. ஜூலை 29 மேலவைத் தேர்தலில், போட்டி நடந்த 121 இடங்களில் அப்போதைய பிரதமர் ஷின்சோ அபேயின் லிபரல் ஜனநாயகக் கட்சிக்கு 37, ஒசாவா தலைமையிலான எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்கு 60. ஆனால் கீழவையில் அபே கூட்டணிக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இடங்கள் அப்படியே இருந்தன. செப்டம்பரில் அபே விலகியபோது கீழவை அபேயின் கட்சியைச் சேர்ந்த ஃபுகுதாவைப் பிரதமராகத் தேர்ந்தெடுத்தது, மேலவை ஒசாவாவை! அரசமைப்புப்படி கீழவையின் முடிவே நின்றது.

அப்புறம் நடந்ததுதான் சொல்லாக்கத்துக்கு முக்கியம். வரவு செலவுத் திட்டத்தில் கீழவைக்கே மேல்கை. மற்ற மசோதாக்களை மேலவை தடுத்தால், கீழவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு மறுபடி நிறைவேற்ற வேண்டும். பெட்ரோல் மீதான கூடுதல் வரிச் சட்டம் மேலவையில் முடங்கி 2008 மார்ச்சோடு காலாவதியானது. ஏப்ரல் முழுக்கப் பெட்ரோல் விலை இறங்கி நின்றது. மே 1 அன்று பழைய வரி திரும்பி வந்துவிட்டது. நாட்டின் மைய வங்கியான ஜப்பான் வங்கியின் ஆளுநரை நியமிக்க இரு அவைகளும் ஒப்ப வேண்டும். அதற்கு மறுவாக்கு வழியே கிடையாது. அந்த நாற்காலி சுமார் மூன்று வாரம் காலியாகக் கிடந்தது.

ஆகவே ‘பிளவு நாடாளுமன்றம்’ என்பதும் எனக்கு ஒப்பவில்லை. பிளந்தால் இரண்டு துண்டும் தனித்தனியே போய்விடும். இங்கே இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டே இருக்கின்றன. ஒரு முனை இப்பக்கம் திரும்ப, மறுமுனை அப்பக்கம் திரும்ப, நடுவில் கயிறு இறுகுகிறது.

‘முறுக்கு நாடாளுமன்றம்’ அந்தக் கயிற்றைச் சரியாகப் பிடித்திருக்கிறது. எனக்கு அதில் ஒரே ஒரு குறைதான். ஜப்பானியத்தில் ‘நெஜிரு’ என்றால் முறுக்குவது, ‘நெஜிரெரு’ என்றால் தானே முறுகிக்கொள்வது. ‘நெஜிரே’ இந்த இரண்டாவதிலிருந்து பிறந்த பெயர். நம்மிடமும் அதே இணை இருக்கிறது: உருக்கு–உருகு, பெருக்கு–பெருகு, முறுக்கு–முறுகு. யாரும் திட்டமிட்டு முறுக்குவதில்லை. மேலவைக்கு ஆறாண்டுப் பதவிக்காலம். மூன்றாண்டுக்கு ஒருமுறை பாதி இடங்களுக்குத் தேர்தல் வரும், அதைக் கலைக்கவும் முடியாது. கீழவையையோ இடையிலேயே கலைக்கலாம். வெவ்வேறு நாளில் மக்கள் சொன்ன தீர்ப்புகள் ஒரே கட்டடத்தில் சந்திக்கும்போது அது தானாக முறுகிவிடுகிறது. அதனால்தான் தன்வினைப் பெயரான ‘முறுகல்’ வேண்டும் என்கிறேன். நிலைக்கு ‘அவைமுறுகல்’, மன்றத்துக்கு ‘முறுகல் நாடாளுமன்றம்’.

> முறுகல் என்றதும் தோசைதானே நினைவுக்கு வருகிறது?

தமிழ்நாட்டில் வரும், மறுக்கவில்லை. ஆனால் ஈழத்துச் செய்திகளில் ‘இரு தரப்புக்கும் இடையே முறுகல் நிலை’ என்பது அன்றாட வழக்கு. உயிரோடு இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாக ஒன்றைத் தேட வேண்டும்?

> 2025 தேர்தலுக்கும் இதையே எழுதலாமா அண்ணா?

கூடாது தம்பி. 2024 அக்டோபரிலேயே ஆளும் கூட்டணி கீழவையின் 465 இடங்களில் 215ஐத்தான் பிடித்தது. அடுத்த ஆண்டு அரிசி விலை இரட்டிப்பாகி 5 கிலோ 4000 யென்னைத் தாண்டியது. தாம் அரிசி வாங்கியதே இல்லை என்று பேசிய வேளாண் அமைச்சர் மே மாதம் பதவி விலக நேர்ந்தது. ஜூலை 20 மேலவைத் தேர்தலில், பெரும்பான்மையைத் தக்கவைக்க, போட்டி நடந்த இடங்களில் 50 தேவைப்பட, கிடைத்தவை 47. இரு அவைகளிலும் சிறுபான்மை, அதாவது இரண்டு முனையும் ஒரே பக்கம் திரும்பிவிட்டன. அதற்குச் ‘சிறுபான்மை அரசு’ போதும். ‘பிளவு’ என்று வைத்திருந்தால் இந்த வேறுபாடு மங்கிப்போயிருக்கும்.

நெஜிரே தீர்வதை எப்படிச் சொல்வது என்று அக்கா கேட்டிருந்தார். கயிற்றுக்குச் சொல்வது போலவே ‘முறுகல் தளர்ந்தது’ எனலாம். மறுப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் இந்த எடுத்துக்காட்டோடு சேர்த்துவிடுகிறேன்:

“2010இல் நுகர்வு வரியை 10 விழுக்காடாக உயர்த்தும் பேச்சை எடுத்த பிரதமர் நவோதோ கானின் ஜனநாயகக் கட்சி மேலவைத் தேர்தலில் சரிந்தது. மீண்டும் ஏற்பட்ட அவைமுறுகல் 2013 ஜூலைத் தேர்தலில்தான் தளர்ந்தது.”