பிளாஸ்டோசிஸ்ட் கிரேடு: பி-யா, சி-யா? எப்படி ஒத்துப்போக வைக்கிறீர்கள்?
ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைக்கும்) லேப் எம்பிரியாலஜிஸ்டுகளிடம் ஓர் உதவி. பிளாஸ்டோசிஸ்ட், அதாவது சுமார் ஐந்து நாள் வளர்ந்த கருவுக்குத் தரம் போடுவது பற்றி. கார்ட்னர் தர முறையில் முதலில் கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு எண், பிறகு உள்செல் திரளுக்கு (குழந்தையாக வளரும் பகுதி) ஓர் எழுத்து, கடைசியில் டிரோஃபெக்டோடெர்முக்கு (நஞ்சுக்கொடியாகும் வெளிச்செல் அடுக்கு) ஓர் எழுத்து; ஏ சிறந்தது, சி மோசமானது. விரிவுக்கு 1 முதல் 6 வரை எண் போடுவதில் பெரிய சண்டை இல்லை. டிரோஃபெக்டோடெர்ம்தான் தகராறு: ஒரே கரு, ஒருவருக்கு 4ஏபி, அடுத்தவருக்கு 4ஏசி. செல்கள் இடைவெளிவிட்டு நின்றால் பி எங்கே முடிகிறது?

பார்க்கும் நேரத்தை கருவூட்டலிலிருந்து 116±2 மணி நேரம் என்று கட்டியாயிற்று. கரு சுருங்கிக் கிடந்தால் சற்றுப் பொறுத்து மறுபடி பார்க்கிறோம். உள்செல் திரளுக்கு ஒரே ஃபோகஸில் எடுத்த படம் போதாது. ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்தி எடுத்த வீடியோ வேண்டும்.

இனி மாதாமாதம் வீடியோக்களை விவரம் மறைத்துக் கொடுத்து, தனித்தனியே கிரேடு போடவைத்து கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்த ஒற்றுமை அளவு) கணக்கிடப் போகிறோம். எத்தனை சதவீதம் ஒத்துப்போனது என்று மட்டும் பார்த்தால் ஏமாற்றும். தெளிவான ஏஏ கருக்களே நிறைந்திருந்தால் எண் அழகாகத்தான் வரும். எத்தனை வீடியோ வைக்கிறீர்கள்? கப்பா எவ்வளவுக்குக் கீழிறங்கினால் மறுபயிற்சி? எல்லைக்கோட்டு கருக்களின் மாதிரிப் படங்கள் இருந்தால் இன்னும் நல்லது.