மெர்லின் இன்ஜின்: வயர் வேலை முடிந்தது (புதுப்பிப்பு)

1/32 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலின் மெர்லின் இன்ஜினுக்கு வயர் போடலாமா, மூடியை ஒட்டி மறைத்துவிடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். போட்டுவிட்டேன். மூடி இனித் திறந்தேதான் இருக்கும்.

மெர்லினில் இரு வரிசையாக 12 சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், ஆக 24. வெளிப்பக்கத்து 12 மட்டுமே நன்றாகத் தெரியும். மற்றவை இரு வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மறைந்துவிடுவதால் அவற்றுக்கு வயர் போடவில்லை.

முதலில் 0.3 மி.மீ. செம்புக் கம்பி வைத்தேன். விறைத்து நின்றது, வளைத்த இடத்தில் பெயிண்டும் உரிந்தது. அதே தடிமனில் ஈயக் கம்பிக்கு மாறினேன். பல்குத்தும் குச்சியால் மெல்ல அழுத்தினாலே உண்மை வயர்போலத் தொய்ந்து படிகிறது.

பிறகு, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷில் வெள்ளி நிறம் தொட்டு, கறுப்பு வால்வு மூடியின் மேல் ஒரே ஒரு இழுப்பு. அதுவரை இருளில் கிடந்த ரோல்ஸ்-ராய்ஸ் எழுத்துகள் மேலெழுந்து வந்தன! வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எக்ஸாஸ்ட் குழாய்களுக்குப் பலரும் பூசும் செங்கல் நிறத் துரு எனக்கு ஒப்பவில்லை. சூட்டில் வெந்த பழுப்பும், குழாய் வாயில் சாம்பல் படிவும் போதும்.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் பக்கத்துக் குழாய்கள் பாக்கி. இன்ஜினைத் தாங்கும் சட்டத்தை ஒட்டிய பிறகே அவற்றைத் தொடுவேன்.