புதுப்பிப்பு: காருக்குப் பதில் மின்சார சைக்கிள், வாங்கியாயிற்று

கோவையில் வடவள்ளியிலிருந்து ஆர்.எஸ். புரம் போய்வர, காருக்குப் பதிலாக நாற்பதாயிரத்துக்குள் எந்த மின்சார சைக்கிள் வாங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். "பழைய ஸ்கூட்டரே போதும்" என்றவர்கள் மன்னிக்க வேண்டும், சைக்கிளே வாங்கிவிட்டேன்.

மோட்டார் 250 வாட், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். இந்த வரம்புக்குள் இருப்பதால் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. முழுச் சார்ஜுக்கு அரை யூனிட் மின்சாரம்கூடச் செலவாகாது. சாவி போட்டுக் கழற்றும் பேட்டரி என்பதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன். எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் கிடையாது, கேட்டால் சங்கக் கூட்டம் போடுவார்கள்!

பஞ்சர் ஆனால் அவ்வளவுதான் என்று பலர் பயமுறுத்தினீர்கள். பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார், அதிலிருந்து ஒயர், அதனால் சக்கரத்தைக் கழற்றுவது சிரமம் என்று. பஞ்சரும் ஆயிற்று, ஆனால் தெருமுனைக் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, அப்படியே ஒட்டிவிட்டார். டியூபையே மாற்றினால்தான் ஒயர் இணைப்பைப் பிரிக்க வேண்டுமாம்.

கனமழைக்கும் அம்மாவின் மருத்துவமனைப் பயணத்துக்கும் கார் இருக்கிறது. காய்கறிக் கூடை தாங்கும் கேரியர் செய்து தரும் பட்டறை தெரிந்தால் சொல்லுங்கள்.