புதுப்பிப்பு: சிப்பியில் கிறிஸ்துமஸ் தொங்கல்கள், வாடையும் போனது, உடையாமல் துளையும் விழுந்தது

மணப்பாடு கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளில் கிறிஸ்துமஸ் மரத்துக்குத் தொங்கல்கள் செய்து பரிசாகக் கொடுக்க ஆசை, ஆனால் வாடை போகவில்லை, துளையிட்டால் உடைகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 24 தொங்கல்கள் தயார்.

முதலில் வினிகரில் ஊறவைத்தேன். அது வேண்டாம். சிப்பி சுண்ணாம்புதானே, வினிகர் அதையே அரித்துவிடுகிறது. நுரை பொங்கி, இரண்டு சிப்பிகளின் ரோஸ் நிறம் மங்கிப்போனது. ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் போடச் சொன்னார் ஓர் அக்கா. அதுதான் பலித்தது. இப்போது மூக்கருகே வைத்தாலும் வாடை இல்லை.

துளைக்கு, தட்டில் தண்ணீர் ஊற்றி, அடியில் மரத்துண்டு வைத்து, சிப்பி மூழ்கியபடி 2 மி.மீ. துளைக்கம்பியைக் கையாலேயே மெதுவாகத் திருப்பினேன். ஒன்றுகூட உடையவில்லை. தூளும் பறக்கவில்லை, அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது.

எதிர்பாராதது ஒன்று: சிப்பிகளோடு தொங்கவிட மணல் நிரப்பிய சின்னக் கண்ணாடி பாட்டில்களுக்குள் மறுநாளே ஆவி படிந்துவிட்டது. கடல் மணலில் இருக்கும் உப்பு ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, வாணலியில் வறுத்து, ஆறவைத்து நிரப்பினேன். அப்புறம் பிரச்சினை இல்லை.

கோர்க்க மாமா கொடுத்த தூண்டில் நரம்பு. மொத்தச் செலவு 180 ரூபாய், அதில் பாதி ரிப்பனுக்கு.