புதுப்பிப்பு: மணலில் கரைந்த யூரியா, ஓராண்டுக்குப் பிறகு

சென்ற ஆண்டு இதே இழையில் புலம்பியிருந்தேன். பேராவூரணிப் பக்கம் மணற்பாங்கான தென்னந்தோப்பு, மரத்துக்கு 1.3 கிலோ யூரியாவை ஐப்பசி மழைக்கு முதல் நாள் மொத்தமாக வைத்தேன், மூன்று நாளில் அத்தனையும் வேருக்குக் கீழே இறங்கிவிட்டது.

இம்முறை அதே அளவை நான்காகப் பிரித்தேன். ஐப்பசி, கார்த்திகையில் உர மூட்டையைத் தோப்புக்குள்ளேயே விடவில்லை. பொட்டாஷையும் பிரித்தே வைத்தேன். பழியை யூரியாவின் மேல் மட்டும் போட்டவர்கள் கவனிக்க: மணலில் பொட்டாஷும் நிற்பதில்லை.

பெரிய வேறுபாடு மட்டையால்தான். மரத்தைச் சுற்றிய வட்டப்பாத்தியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலாகப் புதைத்திருந்தேன். பங்குனியில் ஒன்றைத் தோண்டினேன். சுற்றிலும் மணல் பொலபொலவென உதிர்கிறது. மட்டையைப் பிழிந்தால் உள்ளங்கை நனைகிறது. நாருக்குள் வெள்ளை வேர்கள் பின்னிக் கிடந்தன.

பசுந்தாள் உரத்துக்காக விதைத்த சணப்பை தோல்வி. பூத்ததும் மடக்கி உழவேண்டியதை அடுத்த வீட்டு ஆடுகள் முன்னதாகவே மடக்கிவிட்டன.

ஓலையில் பச்சை திரும்பியிருக்கிறது. காய் கூடியதா என்று கேட்டவர்களுக்கு: பாளை மரத்துக்குள் உருவாகி வெளியே வரவே 2 ஆண்டுகளுக்கு மேலாகும், அதனால் இப்போதே சொல்ல முடியாது. கீழே இறங்கிய யூரியா நைட்ரேட்டாக மாறிக் கிணற்றில் கலந்திருக்கிறதா என்று பார்க்க, கிணற்று நீரை நைட்ரேட் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.